மிச்சம் பிடித்த முக்கால் மணி நேரம்

“மாமா, நீங்க சொன்ன அந்த ஜப்பான் படத்தைப் பார்த்துட்டேன்” என்றான் அக்கா மகன். எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. 24 வயதுப் பையன், யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பார்த்திருக்கிறான். எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லாத்தான் இருந்தது. ஆனா ரொம்ப ஸ்லோ. ஒன்றரை ஸ்பீடுல வச்சுப் பார்த்தேன்.”

136 நிமிடப் படம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் 91 நிமிடத்தில் முடிந்துவிடும். முக்கால் மணி நேரம் மிச்சம். அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன செய்தாய் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சும்மா போன் பார்த்துட்டு இருந்தேன்” என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தின் கதையே அதுதான். ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்தவன் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உடுத்திக் கிளம்பி நிற்கும்போது நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இவர்கள் யார் என்று வாடிக்கையாளர் கேட்டால், ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறாள். பிள்ளைகள் பணம் போட்டு இருவரையும் அதாமியில் வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். பார்க்கப் பாசம்போல இருக்கும். வீட்டில் இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்பதுதான் விஷயம். விடுதியில் விடிய விடியக் கூச்சல். தூங்காத கண்களோடு சீக்கிரமே திரும்பி வந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக வேலைக்கு விடுப்புப் போடுகிறவள் ஒருத்திதான்: போரில் பறிகொடுத்த மகனின் மனைவி நோரிகோ.

1953இல் வந்த படம். அதில் ஒரு வில்லன்கூட இல்லை. மகளும் மகனும் கெட்டவர்கள் அல்லர், அவர்களுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் கிழவர், இறந்துபோன மனைவியின் கைக்கடிகாரத்தை மருமகளிடம் கொடுக்கிறார். ரயிலில் போகும்போது நோரிகோ அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். அந்தக் கடிகாரத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டான் என் மருமகன். பெற்ற பிள்ளைகளிடம் நேரம் கிடைக்காத அந்தக் கிழவனும் கிழவியும் அவனிடமும் முக்கால் மணி நேரம் தோற்றுப்போனார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் இந்த வேக வசதியை 2019இல் சோதித்தபோது ஜட் ஆபட்டோ, பிராட் பேர்ட் போன்ற ஹாலிவுட் இயக்குநர்கள் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே வசதி வந்துவிட்டது. பார்க்கிறவர் உரிமை என்றார்கள். இருக்கட்டும். கார் துரத்தல் படத்தை எந்த வேகத்தில் பார்த்தாலும் கார் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டுக்குள் நடக்கும் கதைகள் அப்படிப்பட்டவை அல்ல. பேசி முடித்தபின் இருவர் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. பத்து நொடி தாண்டும் பொத்தான் முதலில் தாண்டுவது அதைத்தான்.

ஓடிடி தளங்கள் இந்த வகைக்கு ‘டிராமா’ என்று பெயர் ஒட்டியிருக்கின்றன. நமக்கு அந்தச் சொல்லே ஒவ்வாமை. ‘டிராமா போடாதே’ என்றால் பொய்யாக அழாதே என்று பொருள். ‘நாடகத்தனம்’ என்பது நம் விமர்சகர்கள் கையில் இருக்கும் பிரம்பு. முன்பெல்லாம் இதற்குக் குடும்பப் படம் என்ற பெயர் இருந்தது. சுவரொட்டியில் ‘தாய்மார்களின் பேராதரவுடன்’ என்று போடுவார்கள். அந்தப் பெயரும் போய், இந்தப் பெயரும் ஒட்டாமல், நல்ல படங்கள் பலவும் ரிமோட்டில் தேடி எடுக்க முடியாத இடத்தில் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று எழுதப் போவதில்லை. இந்தப் பக்கம் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும்.

வீட்டில் பார்ப்பது இரண்டாம்தரம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். ஒரே அறைக்குள் பன்னிரண்டு ஜூரிகள் வாதாடும் ‘12 ஆங்ரி மென்’ 1957இல் திரைக்கு வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அது தொலைக்காட்சி நாடகம். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை, பிறகு வீடுகளில்தான் அமரத்துவம் பெற்றது. படம் போகப் போக இயக்குநர் சிட்னி லூமெட் லென்ஸை மாற்றிக்கொண்டே போவதால் அறை சுருங்கி, புழுக்கம் ஏறுவதுபோலத் தெரியும். நம் கூடத்து மின்விசிறி ஓடினாலும் வியர்க்கும். இங்மர் பெர்க்மனின் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக எடுத்தது. வார்ஸாவின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை வைத்துக் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த ‘டெகலாக்’கின் பத்துக் கதைகளும் போலந்துத் தொலைக்காட்சிக்காகத்தான். நமக்கும் ஒரு காலம் இருந்தது. ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். கறிக்குழம்பு உண்ட மயக்கத்தில், வசன எழுத்துகளைப் படித்துக்கொண்டே, வங்காளத்தையும் கேரளத்தையும் கன்னட நாட்டையும் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. நான் அதில் ஒருவன். தூங்கிப்போன படங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படி ஒரு மதியம் பார்த்தது சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963). கணவன் சம்பளம் போதாமல் மருமகள் ஆரத்தி வேலைக்குப் போகிறாள். வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மருமகள் சம்பாத்தியத்தில் சாப்பிட மாட்டேன் என்ற வீம்பில், பெரிய ஆளாகிவிட்ட பழைய மாணவர்களைத் தேடிப் போய் உதவி கேட்கிறார். மருமகளிடம் கைநீட்டுவது இழுக்கு, மாணவனிடம் கைநீட்டுவது கௌரவம் என்று அவருக்குத் தோன்றுவதை ராய் கிண்டலே இல்லாமல் காட்டுகிறார். முதல் சம்பள நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மாதவி முகர்ஜி கண்ணாடியில் தன்னைத் தானே பார்க்கும் காட்சிக்காகவே இந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். நாத்தனாராக வரும் சிறுமி பிற்காலத்து ஜெயா பச்சன். அவருக்கு அதுதான் முதல் படம்.

தமிழில் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சுதா என்ற பெண், தங்கை, தாத்தா. வேறு வீடு தேடி அலைந்து அலுத்து, தாத்தாவின் மனையில் சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை. அஸ்திவாரம், சிமென்ட், கான்ட்ராக்டர், அலுவலகக் கடன், கடன் தருகிற அதிகாரியின் பார்வை. சினிமாவில் வில்லன் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் இந்தப் படத்தில் சிமென்ட் மூட்டை செய்கிறது. சிறு வயதில் தன் அம்மா வீடு கட்டத் தொடங்கிய பிறகு அவரிடமிருந்த சிரிப்பு மறைந்துபோனதைப் பார்த்ததுதான் படத்தின் விதை என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு சிறுவன் பார்த்த முகம், சென்னையில் அர்ச்சனாவின் முகமாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒப்பனை இல்லாத அந்த முகத்துக்குத் தேசிய விருது கிடைத்தது.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் ஒருநாள் தனியாகக் கிளம்பி, பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வருவார். செங்கல் சுவரைத் தடவிக்கொண்டே அறை அறையாக நடப்பார். ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து இளையராஜாவின் வயலின்கள் பின்னால் வரும். ஒரு சொல் வசனம் கிடையாது. எத்தனை நிமிடம் என்று நான் எண்ணியதில்லை. எண்ணத் தோன்றாது. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் எவரும் அந்தக் காட்சியைத் தாண்டிப் போகும் பொத்தானை அழுத்த மாட்டார் என்று நம்புகிறேன். அதன்பின் நடப்பதை இங்கே சொல்ல மாட்டேன். சட்டமும் அரசு அலுவலகமும் ஒரு குடும்பத்தின் மேல் எவ்வளவு சாதாரணக் குரலில் இடியை இறக்க முடியும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான காட்சி தமிழில் இல்லை.

‘வீடு’ பார்த்த கையோடு செழியனின் ‘டுலெட்’டைப் பார்த்துவிட வேண்டும். 2019இல் திரைக்கு வந்தது. கதை நடப்பது 2007இல், ஐ.டி. சம்பளம் சென்னை வாடகையை எங்கோ தூக்கிக்கொண்டு போன காலத்தில். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லப்பட்ட கணவன், மனைவி, குழந்தை. என்ன சாதி, கறி சாப்பிடுவீர்களா, சினிமாவிலா இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் விசாரணை. பின்னணி இசையே கிடையாது. குழாய், விசிறி, தெருச் சத்தம்தான். ‘வீடு’ சுதாவுக்குக் கட்டவாவது ஒரு மனை இருந்தது. இந்த ஜோடிக்கு அதுவும் இல்லை. ‘வீடு’ அளவுக்கு இது என்னை உலுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டுக்காரர்களாக இருக்கும் வாசகர்கள் அவசியம் பார்க்க வேண்டும். கொஞ்சம் கூச வைக்கும்.

நாடகத்தனம் என்றதும் எல்லோரும் விரல் நீட்டும் படம் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986). மேடை நாடகத்திலிருந்து வந்ததுதான். அதை மறைக்கவும் இல்லை. எல்லோரும் எல்லா நேரமும் பேசுகிறார்கள். வீட்டின் நடுவே அப்பா கோடு கிழிப்பதைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. என் வாதம் வேறு. அந்தக் கோட்டை மறந்துவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் இன்று பாருங்கள். குடும்பம் ஒன்றுகூடிவிட்டது, அப்பா மனம் இறங்கிவிட்டார், வணக்கம் போட வேண்டியதுதான். அப்போது மூத்த மருமகள் உமாவாக வரும் லட்சுமி, சேர்ந்திருக்க வேண்டாம், தள்ளியிருந்து அன்பாக இருப்போம் என்கிறாள். கூட்டுக் குடும்பத்துக்குக் கண்ணீர் விட வந்த கூட்டத்தின் முன், 1986இல், ஏவிஎம் படத்தில்! ஓசு காட்டிய சிக்கலுக்கு விசு சொன்ன பதில் என்றே இதை எடுத்துக்கொள்ளலாம். இருவரையும் ஒரே பத்தியில் வைத்ததற்குச் சினிமா ஆர்வலர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் சரி.

இதே விஷயத்தை எடுத்துக்கொண்டு கெடுத்த படம் இந்தியின் ‘பாக்பன்’ (2003). வயதான பெற்றோரைப் பிரித்து, அப்பா ஒரு மகன் வீட்டில், அம்மா இன்னொரு மகன் வீட்டில். 1937இல் அமெரிக்காவில் லியோ மெக்கேரி எடுத்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’விலும் இதுதான்; ‘டோக்கியோ ஸ்டோரி’க்கே அந்தப் படம் ஒரு தூண்டுதல். மெக்கேரி அந்தக் கிழவனையும் கிழவியையும் ரயில் நிலையத்தில் பிரித்து நிறுத்திவிட்டுப் படத்தை முடித்துவிடுவார். ‘பாக்பன்’ அமிதாப் பச்சனைப் புகழ்பெற்ற எழுத்தாளராக்கி, மேடையேற்றி, மைக்கில் பேச வைக்கிறது. பெற்ற பிள்ளைகள் எல்லோரும் அரக்கர்கள். பார்த்து அழலாம், ஆனால் பார்க்கும் மகன் எவனும், இது நான் அல்ல என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான். அதனால்தான் அதை விட்டுவிடச் சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸின் ‘மேரேஜ் ஸ்டோரி’யும் (2019) எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வக்கீல்கள் வரும் இடங்கள் அருமை. கணவனும் மனைவியும் கத்தும் அந்தப் பெயர்பெற்ற காட்சி, நடிப்புப் பள்ளியின் ஆண்டுவிழாபோல இருக்கிறது.

மணமுறிவு பற்றிப் பார்க்க வேண்டியது ஈரானின் ‘எ செபரேஷன்’ (2011). அஸ்கர் ஃபர்ஹாதி இயக்கியது. பெர்லினில் தங்கக் கரடியும் ஆஸ்கரும் வாங்கியது. மனைவி சிமின் மகளோடு வெளிநாடு போக வேண்டும் என்கிறாள். கணவன் நாதிர், மறதி நோயில் கிடக்கும் அப்பாவை விட்டு வர மாட்டேன் என்கிறான். மகனையே அடையாளம் தெரியாத அப்பாவுக்காகவா என்று அவள் கேட்கும் கேள்விக்கு, எனக்கு அவரைத் தெரியுமே என்ற பொருளில் அவன் சொல்லும் பதில், இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் நெஞ்சில் தைக்கும். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட, கிழவரைப் பார்த்துக்கொள்ள ரஸியே என்ற ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். கிழவர் துணியை நனைத்துவிடுகிறார். அந்நிய ஆணின் உடையை மாற்றலாமா, பாவமாகுமா என்று அவள் தொலைபேசியில் மத விளக்கம் கேட்கிறாள். அவளை நாம் சிரிப்பாகப் பார்க்க ஃபர்ஹாதி விடுவதில்லை.

அதன்பின் வாசலில் ஒரு தள்ளு. ஒரு கரு கலைகிறது. நீதிமன்றம். ரஸியே கர்ப்பிணி என்பது நாதிருக்குத் தெரியுமா, தெரியாதா? இந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, துப்பறியும் படத்தின் விறுவிறுப்போடு போகிறது. ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பொய் சொல்கிறார்கள். ஒவ்வொரு பொய்யும் நாமும் சொல்லியிருக்கக்கூடியது. பதினோரு வயது மகள் தெர்மே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்த வேடத்தில் நடித்தது இயக்குநரின் சொந்த மகள் சரீனா. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் வேறு வேறு ஆள் பக்கம் சாய்ந்தேன். கணவனும் மனைவியும் சேர்ந்து பார்த்தால் நடுவில் நிறுத்திவிட்டு வாதாடத் தோன்றும். தோன்றினால் நிறுத்துங்கள். தியேட்டரில் கிடைக்காத வசதி அது.

நிறுத்தும் பொத்தானுக்கு எங்கள் வீட்டில் ஒரு வரலாறு உண்டு. ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) ஓடிக்கொண்டிருந்தது. நிமிஷா சஜயன் நறுக்குகிறார், அரைக்கிறார், கழுவுகிறார், மறுபடி நறுக்குகிறார். குக்கர் சோறு வேண்டாம், விறகடுப்பில் ஆக்கு என்கிறார் மாமனார். சட்னியை அம்மியில் அரைக்க வேண்டும். கழுவுதொட்டிக் குழாய் ஒழுகுகிறது. கணவன் பிளம்பரைக் கூப்பிட மறந்துகொண்டே இருக்கிறான். நான் படத்தை நிறுத்தி, “ஒரு காபி கிடைக்குமா?” என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திரையைக் காட்டினாள். எழுந்து போய் நானே போட்டேன்; சர்க்கரை கூடிவிட்டது. பெரிய தளங்களில் முதலில் இடம் கிடைக்காமல், நீஸ்ட்ரீம் என்ற சிறிய மலையாளத் தளத்தில் வெளியாகி வீடு வீடாகப் பரவிய படம் இது. ஒரே வேலை திரும்பத் திரும்ப வருவதுதான் அதன் உயிர். சலிப்பாக இருக்கிறது என்று ஓட்டினால், அந்தப் பெண்ணின் சலிப்பு நமக்குத் தெரியாமலே போய்விடும். தமிழில் மறுபடி எடுத்தது தேவையில்லாத வேலை. மூலத்தையே பாருங்கள், அந்த அடுக்களைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

‘தி ஃபாதர்’ (2020) பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஆன்டனி ஹாப்கின்ஸ் மறதி நோயில் விழுந்த முதியவர். 83 வயதில் ஆஸ்கர் பெற்றுத்தந்த வேடம். சுவரின் நிறம் மாறும், நாற்காலி இடம் மாறும், மகள் என்று வேறொரு பெண் வந்து நிற்பாள். எதையோ தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்துப் படத்தைப் பின்னால் ஓட்டாதீர்கள். அந்தக் குழப்பத்துக்குள் நம்மை உட்கார வைக்கத்தான் ஃப்ளோரியான் ஸெல்லர் அப்படி எடுத்திருக்கிறார். வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம்.

பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) தியேட்டரில் வந்தபோது, ஒன்றுமே நடக்கவில்லை என்று பலர் பொருமினார்கள். ஒரு பெண்ணைப் பேயோட்ட அழைத்துப் போகும் பயணம். அவள் அநேகமாக வாய் திறப்பதில்லை, தொண்டையில் சுண்ணாம்பு தடவிய சூரிக்குக் குரல் சரியாக வருவதில்லை. நானும் தியேட்டரில் பார்த்தபோது பக்கத்து இருக்கையின் கொட்டாவியைத்தான் அதிகம் கேட்டேன். வீட்டில், இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென்னின் மௌனம் வேறு மாதிரிக் கேட்டது.

எப்படிப் பார்ப்பது என்று ஒரு யோசனை. ஓசுவின் கேமரா பெரும்பாலும் பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும். சோபாவை விட்டுவிட்டுத் தரையில் உட்காருங்கள். போனை அடுத்த அறையில் போட்டுவிடுங்கள். குரல்மாற்றம் செய்த பிரதி வேண்டாம், வசன எழுத்தே போதும். அக்கா மகனிடமும் இதைத்தான் சொன்னேன். மறுபடி பார்க்கிறேன் என்றான். பார்த்தானா என்று இன்னும் கேட்கவில்லை.

‘வீடு’ பார்க்கச் சொன்னேனே தவிர, நல்ல பிரதிக்கு எங்கே போவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யூடியூபில் மங்கலாக ஒன்று ஓடுகிறது. அதன் நெகட்டிவ் இல்லாமல் போய்விட்டது என்று பாலு மகேந்திராவே வருந்தியிருக்கிறார். 2014இல் அவரும் போய்விட்டார். ‘டோக்கியோ ஸ்டோரி’யின் மூல நெகட்டிவும் தீயில் அழிந்ததுதான். எஞ்சிய பிரதியை வைத்து ஜப்பானியர்கள் அதை மீட்டார்கள். என் அக்கா மகன் ஒன்றரை வேகத்தில் பார்த்த பளிச்சென்ற படம் அப்படி வந்தது. ராயின் அப்பு படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு தீ விபத்தில் கருகின. கருகியதையும் விடாமல் 2015இல் புதுப்பித்துவிட்டார்கள். நெகட்டிவ் இல்லாவிட்டாலும் நல்ல பிலிம் பிரதி ஒன்று இருந்தால் வழி இருக்கிறது. தமிழக அரசும் புனே திரைப்பட ஆவணக் காப்பகமும் ‘வீடு’ விஷயத்தில் உடனே கைகோக்க வேண்டும். பழைய விநியோகஸ்தர் கிடங்கிலோ, மூடிப்போன தியேட்டரின் ஆபரேட்டர் அறையிலோ அந்தப் படத்தின் பெட்டி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.